பந்தியில் கடைமடை: தொழிற்சொல் வீட்டுக்குள் வரும் வழி

போன தை மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கம் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் கொதிக்கவிட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் வைப்பார்கள். எங்களுக்கு இடம் கிடைத்தது பந்தியின் கடைசியில். வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ஒவ்வொரு முறையும் பாதி வரிசையிலேயே அதைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இலையில் இருந்த மாமா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொறுத்துப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "அண்ணாச்சி, கடைமடைக்கு இன்னும் தண்ணி வரலையே!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. அடுத்த வாளி நேராக எங்கள் இலைக்கு வந்தது.

மாமா ஒரு நாளும் மண்வெட்டி பிடித்தவர் இல்லை. பரிமாறியவர் சமையல் தொழிலில் இருப்பவர். ஆனாலும் வயலில் வேலை பார்ப்பவர்களின் சொல் ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விளக்கமும் கேட்காமல் வேலை செய்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஒரு தொழிலுக்குள் பிறந்த சொல் எப்படி அந்தத் தொழிலை விட்டு வெளியே வருகிறது? எந்தச் சொல் வருகிறது, எது வராது? வந்தபிறகு அதற்கு என்ன ஆகிறது?

முதலில் கடைமடையையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற வாய்தான் மடை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலே கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று இறங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கிளை, கிளையிலிருந்து மடை. தண்ணீர் மேலே இருக்கிற வயல்களை நிறைத்துவிட்டுத்தான் கீழே வரும். கார் பருவமோ பிசானமோ, தண்ணீர் போதாத வருஷத்தில் முதலில் காய்வது கடைசி மடையில் இருப்பவன் நெல். அதனால் கடைமடை என்பது வெறும் இடத்தின் பெயர் இல்லை. "மேலே இருக்கிறவன் குடித்த மிச்சம்தான் எனக்கு" என்கிற வயிற்றெரிச்சலும் அதற்குள் இருக்கிறது. பந்தியில் கடைசி இலைக்காரனுக்கு அந்த வயிற்றெரிச்சல் அப்படியே பொருந்தியது. "கடைசி வரிசைக்கு சொதி வரவில்லை" என்று மாமா சொல்லியிருந்தால் அது புகார். கடைமடை என்று சொன்னதால் அது வேடிக்கையாகவும் ஆயிற்று, சொதியும் வந்தது.

தொழிற்சொல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, துல்லியத்துக்காகப் பிறந்தது. கொத்தனார் "ரசமட்டம் கொண்டா" என்றால் சித்தாள் வேறு எதையும் எடுத்துவர முடியாது. கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஓடும் அந்தக் கருவிக்கு அது ஒன்றுதான் பெயர். இன்னொன்று, மறைப்பதற்காகப் பிறந்தது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே கடைக்காரர் தன் ஆளிடம் விலையைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் வாடிக்கையாளருக்குப் புரியக்கூடாது. அதற்கென்று ஒரு பேச்சு வைத்திருப்பார்.

இந்த இரண்டாம் ரகத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் பழைய பெயர் இருக்கிறது: குழூஉக்குறி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துபோனதுதான். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி மூன்றையும் நன்னூல் தகுதி வழக்கு என்று ஒன்றாக வைக்கிறது. உரைகாரர்கள் காட்டுகிற உதாரணங்கள்: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப் பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். எனக்கு இதில் சொல்விளம்பிதான் பிடிக்கும். உள்ளே போனால் சொற்களை வெளியே கொண்டுவருவது! இப்படி ஒரு பெயர் வைத்தவன் நிச்சயம் இரண்டு கலயம் குடித்துவிட்டுத்தான் வைத்திருப்பான்.

ஆனால் பாருங்கள், அவ்வளவு அழகான சொல்லாக இருந்தும் சொல்விளம்பி இன்று யார் வாயிலும் இல்லை. பறியும் இல்லை, காரையும் இல்லை. பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வெளியே வந்தவை வேறு சொற்கள். உரைத்துப் பார்ப்பது, புடம் போடுவது, மாற்றுக் குறைவது. "ஆளை உரைச்சுப் பாத்துட்டுத்தான் கடன் கொடுக்கணும்" என்று தங்கத்தைத் தொட்டே பார்க்காதவரும் சொல்கிறார். மறைப்பதற்காகப் பிறந்த சொல் வெளியே வந்தால் செத்துப்போகும். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை, தொழிற்காரர்களே வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். துல்லியத்துக்காகப் பிறந்த சொல் வெளியே வந்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. பட்டறையில் அதற்கு இருந்த அளவை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இதுதான் இந்த விஷயத்தின் மையம், அதனால் இதில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். பட்டறையில் மாற்று என்றால் தங்கத்தின் தரத்துக்கு ஒரு எண். அரை மாற்றுக் குறைந்தால் காசு குறையும். வீட்டுப் பேச்சில் "அவ மாற்றுக் குறையாத தங்கம்" என்றால் எத்தனை மாற்று என்று யாரும் கேட்பதில்லை. கொத்தனாருக்கு மட்டம் என்றால் சரியாக இருப்பது. வரிசையில் துருத்திக்கொண்டு நிற்கிற கல்லைக் கரண்டிக் காம்பால் தட்டி மற்ற கற்களோடு சேர்ப்பது நல்ல வேலை. தட்டாமல் விட்டால்தான் மேஸ்திரி சத்தம் போடுவார். அதையே நாலு பேர் நடுவில் ஒரு மனிதனுக்குச் செய்தால் "மட்டம் தட்டிட்டான்" என்று வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. செயல் ஒன்றுதான், துருத்திக்கொண்டிருப்பதைத் தட்டி இறக்குவது. கல்லுக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஆகப் பழைய உதாரணம் நாம் தினமும் கையில் எடுக்கிற ஒன்று: நூல். புத்தகத்துக்கு ஏன் இழையின் பெயர்? நன்னூலே இரண்டு உவமைகள் சொல்கிறது. பஞ்சைப் பெண்கள் இழையாக நூற்கிற மாதிரி புலவன் சொல்லை நூற்கிறான் என்பது ஒன்று. மரத்தின் கோணலைத் தச்சன் நூல் போட்டுக் காட்டித் தீர்க்கிற மாதிரி மனக்கோணலைத் தீர்ப்பது இன்னொன்று. தச்சனும் நூற்கிறவளும் தினமும் கையில் வைத்திருந்த சொல் புலவர்களிடம் போய் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்று நூலகம் என்று எழுதும்போது யாருக்கும் இராட்டை ஞாபகம் வருவதில்லை. வந்த வழி முழுக்க அழிந்துபோனால்தான் ஒரு சொல் முழுக்க வீட்டுக்காரன் ஆனதாகக் கணக்கு.

(இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வந்த வழி அழிந்துபோனதால் ஆளாளுக்கு ஒரு வழி போட்டுக் கொடுப்பார்கள். ஏரியில் மடை திறக்கிறவனிடமிருந்துதான் மடையன் என்ற வசவு வந்தது என்று உருக்கமான கதை ஒன்று கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மடம், மடமை என்றால் அறியாமை என்று பழைய தமிழிலேயே இருக்கும்போது மடைக்குப் போய் அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லின் பிறப்பிடத்தை நம்பிவிடக்கூடாது.)

சரி, வயலும் பட்டறையும் போகட்டும். அலுவலகத்துக்கு வருவோம். ஆபீஸ் பேச்சு வீட்டுக்குள் நுழைவது ஐடி கம்பெனிகள் வந்தபிறகு நடந்த சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கீழே இருக்கிற வாக்கியத்தைப் பாருங்கள். அம்பாசமுத்திரம் சந்தையில் தினமும் காதில் விழக்கூடியதுதான்.

"பாக்கிய வசூல் பண்ணப் போனா, வாய்தா மேல வாய்தா சொல்லுதான்."

பாக்கி, வசூல், வாய்தா மூன்றும் அரபி, பாரசீக வழியாக வந்தவை. ஆர்க்காட்டு நவாபின் வரிவசூல் இந்தச் சீமையில் நடந்த காலத்தில் கச்சேரிகளில், அதாவது அரசாங்க அலுவலகங்களில், புழங்கின. கும்பினிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தபோதும் அந்தக் கணக்கு முறையையும் அதன் பேச்சையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆஜர், ரத்து, தாக்கல், ஜப்தி, ஜாமீன், ராஜினாமா, மராமத்து எல்லாம் அந்த வரிசைதான். அந்தக் காலத்துக் குடியானவனுக்கு இவை இன்றைக்கு நமக்கு "எஸ்கலேட்" எப்படியோ அப்படித்தான் இருந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பேசுகிற, கொஞ்சம் பயமுறுத்துகிற பேச்சு. இப்போது ஆஜர் என்றால் பயமா? சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிற மச்சினனைப் பார்த்து "வந்துட்டாருய்யா, ஆஜர்" என்கிறோம்.

ஆனால் அதே கச்சேரியிலிருந்து, அதே அலமாரியிலிருந்து வெளியே வராத சொல்லும் இருக்கிறது. பசலி. வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு அது. ஜூலை 1இல் தொடங்கும். தொடங்குகிற ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழித்தால் பசலி ஆண்டு வரும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. ஜமாபந்தி நடக்கும்போது தாலுகா ஆபீஸில் இன்றும் இது இல்லாமல் ஒரு கணக்கும் நகராது. இருந்தும் யாரும் தன் பிள்ளை பிறந்த வருஷத்தைப் பசலியில் சொல்வதில்லை. ஏன்? வீட்டில் ஏற்கெனவே சித்திரையில் தொடங்கும் ஒரு வருஷம் இருக்கிறது, ஜனவரியில் தொடங்கும் ஒரு வருஷமும் இருக்கிறது. மூன்றாவதுக்கு அங்கே இடம் இல்லை. வாய்தா விஷயம் வேறு. "இன்னொரு தேதி சொல்லி, அந்தத் தேதியிலும் கொடுக்காமல், மறுபடி ஒரு தேதி சொல்வது" என்கிற ஒரு முழு மனிதச் சேட்டைக்கு வீட்டில் ஒற்றைச் சொல் இல்லாமல் இருந்தது. கோர்ட் வாசலில் அது கிடைத்ததும் ஊர் எடுத்துக்கொண்டது. அதிகாரம் மட்டும் சொல்லை வீட்டுக்குள் தள்ளிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒரு காலி இடம் இருக்க வேண்டும்.

அப்புறம் சொல்லைச் சுமந்துகொண்டு வர ஆளும் வேண்டும். விக்கிரமசிங்கபுரத்தில் பாபநாசத்து அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை தொடங்கினார்கள். ஆலை வந்தால் ஷிஃப்ட் வரும். ஷிஃப்ட் என்பது ஆலைக்குள் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. அப்பா இராத்திரி வேலைக்குப் போனால் பகலில் வீட்டில் சத்தம் போடக்கூடாது, சோறு வடிக்கிற நேரம் மாறும், விருந்தாளி வரலாமா கூடாதா என்பது மாறும். சொல் புரியாமல் அந்த வீட்டில் குடியிருக்கவே முடியாது. அதனால் ஆலைக்கே போகாத பெண்களும் பிள்ளைகளும் அதைத் தங்கள் சொல்லாக்கிக்கொண்டார்கள். இன்று கைக்குழந்தை வைத்திருக்கிற எந்தத் தாயும் "எனக்கு நைட் ஷிஃப்ட், அவருக்குப் பகல் ஷிஃப்ட்" என்கிறாள். டூட்டியும் அப்படித்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற டூட்டி எனக்கு.

பஸ்ஸும் லாரியும் இதில் பெரிய கடத்தல்காரர்கள். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். எங்கள் தெருவில் ஒரு கல்யாணப் பேச்சு இழுத்துக்கொண்டே கிடந்தபோது, "பொண்ணு டபுள் விசில் கொடுத்துட்டாளா?" என்றுதான் கேட்டார்கள். கண்டக்டரின் "ரைட்" இப்போது போன் பேச்சை முடிக்கிற "ரைட்டு, வச்சிருதேன்" ஆகிவிட்டது. (இதில் கண்டக்டரின் பங்கு எவ்வளவு, வாத்தியார் சிவப்பு மையில் போட்ட குறியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.) லாரிக்காரர்கள் கொடுத்ததில் எனக்குப் பிடித்தது ஸ்டெப்னி. 1904இல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அதுவரை கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருப் பெயர் சக்கரத்தின் பெயராகி, கடல் கடந்து, பங்சர் கடைப் பேச்சாகி, இப்போது எங்கள் ஊர் கிரிக்கெட் டீமில் பதினொரு பேரில் ஒருவன் வராமல் போனால் இறக்குவதற்கு வைத்திருக்கிற பையன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேல்ஸில் அந்தத் தெருவில் இப்போது போய் நின்று "எலே ஸ்டெப்னி" என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பீடிச் சொற்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வேலையிடமே வீடுதான். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற வீடுகளில் சொல் தொழிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வர வேண்டியதே இல்லை. ஒரு நாள் வேலைக்கு அளவு ஆயிரம். "இன்னும் ஆயிரம் ஆகல, அதுக்குள்ள படமா?" என்று மகளைத் திட்டும்போது அது பீடியா, பொழுதா, கடமையா? மூன்றும்தான். சுற்றியதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லாததைப் பார்த்துக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. எங்கள் பெரியம்மை பல வருஷம் பீடி சுற்றியவள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் விட்டபோது அவள் இரண்டே சொல்லில் முடித்தாள்: "சரி, கழிச்சிட்டாவ." கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் அவள் வாயில் அது வந்தபோது பின்னால் ஒரு நாள் உழைப்பும், கடை வாசலில் நிற்கிற நிற்பும் சேர்ந்தே வந்தன.

இப்போது ஐடி காலத்துக்கு வரலாம். 2020இல் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் மடிக்கணினியோடு ஊர் திரும்பினார்கள். ஆலை வீட்டில் ஒரு சொல்தான் சுவர் தாண்டி வந்தது. இங்கே முழு ஆபீஸும் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் சித்தப்பா மகன். கீரைக்காரம்மா அவனைத் தேடியபோது என் அம்மா "அவன் கால்ல இருக்கான்" என்றாள். "கால்லயா? என்ன ஆச்சு காலுக்கு?" என்று அந்த அம்மா பதறிவிட்டார். தமிழில் கால் ஏற்கெனவே உடம்பில் இரண்டு இருக்கிறது, முக்காலுக்குக் கீழே அளவு ஒன்று இருக்கிறது, ஊரில் வாய்க்காலும் இருக்கிறது. இருந்தும் இந்தப் புதுக் காலும் நிலைத்துவிட்டது.

அப்டேட், பெண்டிங், டார்கெட், ஃபாலோ அப் எல்லாம் இப்படி வந்தவை. இவற்றைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. "பாக்கி" அளவுக்குப் "பெண்டிங்" நிலைக்குமா என்று வேடிக்கை பார்ப்பேன். "அந்த வேலை பாக்கி" என்று சொல்ல ஏற்கெனவே வழி இருப்பதால் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் ஒரு ரகம் மட்டும் எரிச்சல் தருகிறது. ஒரு அலுவலகத்தில் பெயர்மாற்றம் கேட்டு மனு கொடுத்திருந்தேன். நான்கு மாதம் நடந்தேன். போகும்போதெல்லாம் ஒரே பதில்: "ப்ராசஸ்ல இருக்கு சார்." யாரிடம் இருக்கிறது, எந்த மேசையில், என்ன குறை, எதற்கும் அந்தச் சொல்லில் பதில் இல்லை. நடக்கவில்லை என்பதை நடக்கிற மாதிரி சொல்ல உண்டான சொல் அது. குழூஉக்குறி பாவம், மறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறைத்தது. இது விளக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறைக்கிறது. அன்று வெயிலில் வீடு திரும்பி, வீட்டுப்பாடம் முடித்தாயா என்று ஏழாம் வகுப்பு படிக்கிற மகனிடம் கேட்டேன். நோட்டைத் திறக்கக்கூட இல்லை. நான் சாப்பாட்டு மேசையில் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "ப்ராசஸ்ல இருக்குப்பா" என்றான். அந்தச் சொல்லின் சரியான பொருளை அவனைப்போல் யாரும் எனக்கு விளக்கியதில்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. பணகுடி, ராதாபுரம், வள்ளியூர் பக்கம் போனால் மேற்கு மலைக் கணவாயிலிருந்து வருகிற காற்றில் வரிசையாகச் சுற்றுகின்றன காற்றாலைகள். காகிதத்தில் காற்றாலை, கம்பெனி ஆட்களின் பேச்சில் டர்பைன். ஊர் அதற்கு முதல் நாளே காத்தாடி என்று பெயர் வைத்துவிட்டது. பனையோலையில் பிள்ளைகள் செய்து ஈர்க்கில் குத்தி ஓடவிடுகிற அதே காத்தாடி. வெளியூரிலிருந்து வந்த டெக்னீஷியன்களும் இரண்டு மாதத்தில் அப்படியே பேசப் பழகிவிடுகிறார்கள். போன வாரம் வள்ளியூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். அவன் வெளியே கையைக் காட்டினான்.

"அந்தா அந்த மூணாவது காத்தாடிக்கு கிரீஸ் போடுதாரு."